வெள்ளையடித்த பள்ளம்

என் வேலை நிற்பது. பாறைக்கு முன்னால், கைகளைத் தொங்கவிட்டு, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பது. மலையைப் படம் எடுத்தால் அது எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். அதற்காகப் பக்கத்தில் உயரம் தெரிந்த பொருள் ஒன்றை வைப்பார்கள். சின்னப் பாறைக்குப் பேனா, நடுத்தரப் பாறைக்குச் சுத்தியல், மலைக்குக் கணவன்.

"சிரிக்காதீங்க. கேமராவப் பாக்காதீங்க. இது இன்னா கல்யாண ஆல்பமா?" என்று கீழேயிருந்து ரோஸலின் கத்தினாள்.

நான் சிரிக்கவில்லை. காற்றில் பல் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். டியென் ஷான் மலைக் காற்றில் உதட்டை மூடி வைத்திருப்பதே தனி வேலை.

ரோஸலின் என் மனைவி. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவரின் மகள். பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நிலவியலாளர். பூமி எங்கெல்லாம் இன்னும் அடங்காமல் முண்டிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் போய், எந்தப் பாறை எங்கே முடிகிறது, எந்தப் பிளவு எந்த வழியாக ஓடுகிறது என்று வரைபடம் போடுவது அவள் தொழில். வழக்கமாக அவளோடு போகும் சக ஆய்வாளர் இமயமலைச் சரிவுகளில் ஏறி இறங்கியும் கீறல் படாத மனிதர். அவர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, தெருவில் யாரோ தோண்டி மூடாமல் விட்ட குழியில் ஸ்கூட்டரோடு விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். கிர்கிஸ்தானில் எல்லா ஏற்பாடும் தயார். ஆள்தான் இல்லை.

"இங்க இருந்தாலும் ஹாலுக்கும் மாடிக்கும் நடந்துனேதான் இருக்கப் போறீங்க. அங்க வந்து நில்லுங்க" என்றாள்.

நடக்கத் தெரிந்தவனை நிற்கக் கூப்பிடுவது என்ன நியாயம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மலை என்ற சொல் காதில் விழுந்தால் எனக்குப் புத்தி வேலை செய்வதில்லை.

இரண்டாவது தடவை படம் எடுக்கும்போது பெல்ட்டும் போயிற்று. பெல்ட்டின் இரும்புக் கொக்கி அவளுடைய திசைகாட்டியின் முள்ளை இழுக்கிறதாம். "கழட்டி அந்தப் பக்கம் வைங்க. உங்க வயித்தால வடக்கே மாறிப்போவுது." அதன் பிறகு ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி நின்றேன். உலகத்தின் மிகப் பெரிய மலைத்தொடர்களில் ஒன்றின் முன்னால் ஒரு மனிதன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படங்கள் இப்போது ஏதோ ஆய்வுக் கணினியில் இருக்கின்றன. அறிவியல் வளரட்டும்.

மலையைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் மடிப்பு மலை என்று படித்து, மார்க் வாங்கி, மறந்துபோன சொல் அங்கே நேரில் எழுந்து நிற்கிறது. பரோட்டா மாஸ்டர் வீசி, மடித்து, சுருட்டி, தட்டாமல் விட்டுவிட்ட மாவு மாதிரி, சிவப்பு, சாம்பல், மஞ்சள், மறுபடி சிவப்பு என்று ஏடு ஏடாக வளைந்து கிடக்கிறது. மாவு இன்னும் காயவில்லை. தெற்கேயிருந்து இந்தியா முட்ட முட்ட, நடுவில் திபெத்து முழுவதும் தாண்டி, இங்கே வந்து இந்த மலை மடிகிறது என்கிறாள் ரோஸலின். எங்கள் ஊரில் லால்பாக் பாறைமேல் காதலர்கள் உட்கார்ந்து கடலை தின்கிறார்கள். அதற்கு முந்நூறு கோடி வயது. எல்லாச் சண்டையும் போட்டு முடித்துவிட்ட பாறை. ஓய்வூதியப் பாறை. அந்தப் பாறைமேல் பிறந்து வளர்ந்தவனுக்கு, காலடியில் பூமி இன்னும் முடிவெடுக்கவில்லை என்று கேட்கும்போது அடிவயிற்றில் ஏதோ அசைகிறது. மலையைப் பார்த்தா, முந்தின நாள் குடித்த குதிரைப் பாலாலா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

குதிரைப் பாலைப் பற்றி ஒரே வாக்கியம். நாலு நாள் புளித்த இட்லி மாவைத் தண்ணீராகக் கரைத்து அடுப்புப் புகையில் காட்டினால் அதுதான். ரோஸலின் இரண்டு கிண்ணம் குடித்தாள். தங்கவயல்காரர்களுக்கு வயிறும் சுரங்கம்தான்.

முதல் நாள் வேனில் போனோம். அது ரொட்டி வடிவத்தில் இருந்த பழைய சாம்பல் நிற வேன். ஓட்டியவர் தொலொகோன், என் வயதுக்காரர், தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. கூட ஐசாடா வந்தாள். தலைநகரில் நிலவியல் படித்துவிட்டு அங்கேயே வேலை பார்க்கிற பெண். வரைபட வேலையில் ரோஸலினுக்குக் கூட்டாளி, எனக்கு வாயும் காதும். அவள் ஆங்கிலத்தில் சொல்வதெல்லாம் என் காதில் தமிழாகவே விழும். ஆகவே இனி எல்லோரும் தமிழில்தான் பேசுவார்கள்.

கணவாய்க்குப் பாதி வழியில் வேன் நின்றது. தொலொகோன் இறங்கி, மூடியைத் திறந்து, பார்த்து, என் கழுத்திலிருந்த துண்டை உருவினார். சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. ஓடையில் நனைத்துப் பெட்ரோல் பம்ப்பின்மேல் போர்த்தினார். குழந்தைக்கு ஜுரம் வந்தால் நெற்றியில் போடுவார்களே, அப்படி.

"ரிப்பேரா?" என்றேன்.

"ரிப்பேர் இல்ல. யோசிக்குது" என்றார்.

வேன் யோசித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம். பொம்மனஹள்ளி சிக்னலில் மணிக்கணக்காக நின்றவன் நான். அங்கே நின்றால் திட்டுவதற்காவது ஆட்கள் உண்டு. இங்கே சுற்றிலும் செம்மறி ஆடுகள். அவை என்னைப் பார்த்த பார்வையில் 'இவனுக்கு என்ன அவசரம்' என்பது இருந்தது. துண்டு அன்றோடு பெட்ரோல் பம்ப்பின் சொத்தாயிற்று.

சாயங்காலம் சாரி-கைனாரில் இறங்கினோம். மஞ்சள் ஊற்று என்று அர்த்தமாம். மலை அடிவாரத்தில் ஒரு தெரு, நெட்டை நெட்டையாய் மரங்கள், நீல ஜன்னல்கள். ஊருக்குள் நுழையும் இடத்திலேயே வலப்பக்கம் பெரிய பள்ளம் வெட்டிக் கிடந்தது. ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய சிமெண்ட் மூட்டைகள்.

"இதுதான். இறங்கிப் பாத்துருவமா?" என்றாள் ஐசாடா.

"வேணாம்" என்று சொல்லி ரோஸலின் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். கிரகணம் பிடித்த சூரியனைத் தவிர்ப்பதுபோல, கையால் பார்வையை மறைத்துக்கொண்டுகூட. பள்ளத்தின் ஓரத்தில் எங்களை வரவேற்க நின்றிருந்த பெண் கையை அசைத்தார். எங்கள் வேன் அவரைத் தாண்டிப் போயிற்று.

அந்தப் பெண் அனாரா. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை, ஐம்பதைத் தாண்டியவர். எல்லோரும் அனாரா எஜே என்றார்கள். எஜே என்றால் அக்கா. நாங்கள் தங்கியது அவர் வீட்டில். அன்று சாப்பாட்டு விரிப்பின் முன்னால்தான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. பழைய பள்ளிக்கூடம் ஒரு நில அதிர்ச்சியில் சுவர் வெடித்து நிற்கிறது. வெடிப்புக்குள் பிள்ளைகள் பென்சில் ஒளித்து வைக்கிறார்கள். புதுக் கட்டடத்துக்கு ஊரே சேர்ந்து இடம் பார்த்தது. தட்டையான நிலம், குளிர்காற்றை மறைக்கிற மேடு, பக்கத்திலேயே ஊற்று. பனி விழுவதற்குள் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த கோடைவரை பிள்ளைகள் அந்த வெடித்த சுவருக்குள்தான்.

ஆனால் பழைய வரைபடம் ஒன்றில், அந்த இடத்துக்கு அருகே எங்கோ ஒரு பிளவு ஓடுவதாக விட்டுவிட்டுக் கோடு போட்டிருந்தது. மாவட்டப் பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, "விட்டுவிட்டுப் போட்ட கோடு கோடே இல்லை, கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார். அனாரா எஜேக்கு மனம் ஒப்பவில்லை. ரோஸலின் குழு இந்தப் பக்க மலைக்கு வரைபடம் போடுகிறது என்று கேள்விப்பட்டு, ஐசாடாவைத் துளைத்தெடுத்து வரவழைத்துவிட்டார்.

"மலை ஏன் ஆடுதுன்னு கேட்டா, இந்தியா தள்ளுதுன்னு ஐசாடா சொல்றா. நிஜமா?" என்று என்னைக் கேட்டார்.

"நிஜம்தான் போலிருக்கு" என்றேன்.

"தள்றதும் நீங்க, எவ்வளவு தள்ளியிருக்குன்னு அளந்து பாக்க வர்றதும் நீங்க. நல்ல அக்கம்பக்கத்தாருங்க!" விரிப்பைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கிண்ணத்தில் அரைக்கும் கீழே தேநீர் ஊற்றினார். நிறைய ஊற்றினால் எழுந்து போகச் சொல்வதாக அர்த்தமாம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தால் இருக்கச் சொல்வதாக அர்த்தம். ஒரு காபியை இருவர் பங்கு போட்டுக்கொள்ளும் பை-டூ ஊரிலிருந்து வந்தவனுக்கு இது புரியாதா? ஆனால் நாங்கள் பங்கு போடுவது சீக்கிரம் எழுந்து போகத்தான்.

பிரியத்தோடு ஊற்றினாலும், பேச்சினிடையே அனாரா எஜேயின் கண் ரோஸலின்மேல் போய்ப் போய் வந்தது. பள்ளத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட விருந்தாளி.

படுக்கும் முன் நான் கேட்டேன். "ஏம்மா, வந்த வேலையே அந்தப் பள்ளம்தானே. எட்டிப் பாத்தா இன்னா?"

"மொதல்ல அதப் பாத்துட்டா, அப்புறம் எங்க பாத்தாலும் அதுவேதான் தெரியும். மலைலருந்து பிளவ ஃபாலோ பண்ணினு வரணும். கடைசில பள்ளம். அதுதான் மொற."

முறை. ரோஸலினின் முறைகளைப் பற்றி நான் தனி நூலே எழுதலாம். வீட்டில் ரசம் கொதிக்கிறதா என்பதைக்கூட நேராகப் பார்க்கமாட்டாள். வாசனை, சத்தம், ஆவி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் மூடியைத் திறப்பாள். அதற்குள் பொங்கியிருக்கும்.

மறுநாளிலிருந்து நடந்தோம். நடந்தோம் என்றால், அவர்கள் இருவரும் நடந்தார்கள், நான் நின்றேன். ரோஸலின் பாறையில் திசைகாட்டியை வைத்து, அது எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து, வரைபடத்தில் எறும்புக்கால் அளவுக்கு ஒரு குறி போடுவாள். அடுத்த பாறை. அடுத்த குறி. ஒரு மலைமுகடு முழுக்க ஏறி இறங்கினால் காகிதத்தில் கட்டைவிரல் அகலம்.

பிளவு எங்கே போகிறது என்பதை நானே கண்டுபிடித்துவிட்டேன். அடிவாரம் முழுக்க ஒரே நேர்கோட்டில் ஊற்றுகள். ஊற்று இருக்கும் இடமெல்லாம் மரம். பிளவில் நசுங்கிய மண் நிலத்தடி நீரை அணைபோட்டு மேலே தள்ளும் என்று ஐசாடா சொன்னாள். பூமி தன் காயத்தின்மேல் பச்சைத் துணி போட்டு வைத்திருக்கிறது. அந்தத் துணியைப் பார்த்துத்தான் மனிதர்கள், ஆகா தண்ணீர் என்று வந்து வீடு கட்டுகிறார்கள். எல்லா ஊரும் இப்படித்தான். தாகம்தான் விலாசம் எழுதுகிறது.

"இதோ ஊத்து, அதோ ஊத்து. ரெண்டையும் சேர்த்துக் கோடு போடு. வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

போட்டாள். விட்டுவிட்டு.

"ஏன் முழுசா போடமாட்டேங்கற?"

"நான் கண்ணால பாக்கல. கையால தொடல. கண்ணால பாத்தாத்தான் முழுக் கோடு. ஊகமா இருந்தா விட்டுவிட்டுத்தான்."

"ஊருக்கே தெரியுதே!"

"ஊருக்குத் தெரியறதுக்கு மேப் எதுக்குங்க? சும்மா நில்லுங்க."

அன்று மத்தியானம் பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, நம்ம தெருவ மறுபடியும் தோண்டிட்டாங்க. கேபிள் அறுந்து நெட் இல்ல. கீழ இன்னா இருக்குதுன்னு தோண்டறவங்களுக்கே தெரியலப்பா." நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். ஒரு பெண்மணி ஊகத்துக்கும் உண்மைக்கும் நடுவே இடைவெளி விட்டு விட்டுக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தோண்டிவிட்டுப் பார்க்கிற ஊரிலிருந்து, பார்க்காமல் கோடு போடமாட்டேன் என்கிறவளோடு வந்து மாட்டிக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவே ஏதாவது ஊர் இருந்தால் அங்கே போய்விடலாம் என்றிருந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பிளவு எங்கேயும் முகம் காட்டவில்லை. மலையிலிருந்து சரிந்து வந்த கூழாங்கல்லும் மண்ணும் எல்லாவற்றையும் மூடிவிட்டிருந்தன. ஆறு வெட்டிய கரை வேறு பள்ளத்தாக்கில் இருந்தது. மூன்று நாள் அலைந்து, கடைசியில் ஊரின் முனைக்கு வந்து சேர்ந்தபோது, பிளவு வெளியே தெரிய வாய்ப்புள்ள இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெட்டிய பள்ளம்.

"இப்ப பாக்கலாம். நாளைக்குக் காலைல வெளிச்சம் நல்லா விழும்" என்றாள் ரோஸலின். முகம் மலர்ந்திருந்தது. முறைப்படி வந்து சேர்ந்த முகம்.

காலையில் போனோம். பள்ளம் பளிச்சென்று இருந்தது.

நான்கு சுவருக்கும் வைக்கோல் கலந்த களிமண் பூசி, வழித்து, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அடியில் ஜன்னல்களுக்கு அடிக்கும் அதே நீலத்தில் ஒரு கரை. இறங்கும் படியில் கம்பளம். பள்ளத்துக்குள் ஒரு மேசை. மேசைமேல் வட்ட ரொட்டி, பாலேடு, ஆப்ரிகாட் ஜாம். ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள், கையெல்லாம் சுண்ணாம்பு. எத்தனையோ திருமண மண்டபங்களை இதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறேன்.

அனாரா எஜே முன்னால் வந்தார். "முதல் நாள் நாங்க இருந்த நிலையப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. தப்பு எங்க மேலதான். தோண்டுன பள்ளத்த அப்படியே வெச்சு விருந்தாளிக்குக் காட்டலாமா? நீங்க மலையில இருந்தப்ப எல்லாரும் சேர்ந்து செஞ்சோம். இப்பப் பாருங்க."

மொழிபெயர்த்துக்கொண்டே வந்த ஐசாடாவின் குரல் கடைசி வார்த்தைக்கு முன்பே இறங்கிப்போயிற்று.

ரோஸலின் சுவரைப் பார்த்தாள். நீலக் கரையைப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குதுன்னு சொல்லு" என்றாள் ஐசாடாவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "போச்சு. எல்லாம் மூடிட்டாங்க. ஒரு கல்லு தெரியல" என்றாள்.

"அப்ப சொல்லித் தொலையேன். பேத்து எடுக்கச் சொல்லு."

"எப்படிங்க சொல்றது? அவங்க கையப் பாருங்க. சுண்ணாம்புகூட இன்னும் காயல."

"அன்னைக்கே வேன்லருந்து ஒரு பார்வ பாத்திருந்தா..."

"ஆமா. என் மொறைதான். என் தப்புதான். போதுமா? சாக்கு, விடுங்க!"

கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம் கலந்துவிடும். சாக்கு என்றால் போதும். பெண்களின் வரிசை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், புரியுது. எதுக்குச் சண்டைங்கறதச் சொல்லு" என்றார் அனாரா எஜே ஐசாடாவிடம்.

ஐசாடா சொன்னாள். சுவருக்குள் இருக்கும் மண் அடுக்குதான் வேண்டும், பூச்சை எடுத்தாக வேண்டும் என்று. வரிசையில் ஒரு முனகல் ஓடியது. அனாரா எஜேயின் முகம் சிவந்தது.

"திறந்து கிடந்தப்ப பாக்கமாட்டாங்களாம். மூடினப்புறம் திறக்கணுமாம். கேளு அவங்கள, அவங்க ஊர்ல விருந்தாளிங்க இப்படித்தானா?"

ரோஸலின் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளுக்கு அது வராது. ஆனால் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, ஐசாடா மொழிபெயர்க்கட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நான் பொறந்த ஊர்ல பூமிக்குக் கீழ தங்கச் சுரங்கம். எங்கப்பா அதுக்குள்ள வேல. கீழ பாறை வெடிச்சா மேல எங்க வீட்ல தட்டு, டம்ளர் எல்லாம் அலமாரிலருந்து விழும். எங்கம்மா ஒண்ணையும் எடுத்து அடுக்கமாட்டாங்க. வாசல்ல போய் நிப்பாங்க. அப்பா மேல வந்தப்புறந்தான் தட்ட எடுப்பாங்க. எக்கா, நீங்க பூசினது நல்லா இருக்குது. ஆனா இந்த எடத்துல பிள்ளைங்க உக்காரப் போவுது. வாசல்ல நிக்கப் போறவங்க நீங்க. உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்காம நான் ஒரு கோடும் போடமாட்டேன்."

அனாரா எஜே மேலே ஏறிப் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். மண்வெட்டியோடு இறங்கி வந்தார். மேசையைத் தள்ளச் சொன்னார். ரொட்டியை மட்டும் எடுத்து யாரிடமோ பத்திரமாகக் கொடுத்துவிட்டு, நீலக் கரைக்கு நேர் மேலே முதல் போடு போட்டார்.

அப்புறம் எல்லோரும் இறங்கினார்கள். கத்தி, கரண்டி, தோசைத் திருப்பி மாதிரி தட்டையாக ஒன்று, எது கையில் கிடைத்ததோ அது. எனக்கு ஜாம் கரண்டி கிடைத்தது. "இத ரெண்டு நாளா பூசினேன், இப்ப நானே சொரண்டறேன். எம்மாமியார் பாத்தா செத்துடுவா" என்றாள் பக்கத்திலிருந்த பெண். "உன் மாமியார் நீ பூசறதப் பாத்தப்பவே செத்திருப்பா" என்றாள் இன்னொருத்தி. எனக்குத் தோளெல்லாம் சுண்ணாம்பு, மூக்கெல்லாம் வைக்கோல். இந்த மலையில் எனக்கு வாய்த்த ஒரே உருப்படியான வேலை இதுதான், அதையும் தும்மிக்கொண்டே செய்தேன்.

முதல் சுவரில் கூழாங்கல், அதன்மேல் மண், அதன்மேல் புல்வேர். ஒழுங்கான அடுக்கு. எனக்கே நம்பிக்கை வந்தது. இரண்டாவது சுவரில் பாதியைச் சுரண்டியபோது ரோஸலின், "நிறுத்துங்க" என்றாள். தண்ணீர் தெளித்து, தூரிகையால் மெல்லத் துடைத்தாள்.

விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. சுவரில் சாய்வாக ஒரு கோடு. அதற்கு மேலே, எங்கோ அடியில் கிடக்க வேண்டிய செம்மண். அதற்குக் கீழே, வெளியே வெயில் பார்க்க வேண்டிய கறுப்பு மண், புல்வேரோடு. ஒரே பாயில் படுத்தவன் தூக்கத்தில் அடுத்தவன்மேல் காலைத் தூக்கிப் போட்டதுபோல, பூமி பூமியின்மேல் ஏறிக் கிடந்தது. எதிர்ச் சுவரைச் சுரண்டினோம். அங்கேயும் அதே சாய்வு. இரண்டையும் சேர்த்தால் கோடு பள்ளத்தின் நடுவே போயிற்று.

ரோஸலின் அந்தக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இது எப்ப நடந்தது?" என்று அனாரா எஜே கேட்டார்.

"எத்தன வருஷம்னு இப்ப சொல்ல முடியாது. புல்லு மொளைச்சப்புறம். அதாவது, மலைக்குப் பழைய கத இல்ல."

"மறுபடி எப்ப?"

"தெரியாது எக்கா. நாளைக்கா, இந்தப் பிள்ளைங்களோட பேரன் காலத்துலயான்னு யாராலயும் சொல்ல முடியாது. எங்க ஒடையும்னு மட்டும் சொல்லலாம். இங்க."

மேலே நின்றிருந்த ஆண்களில் ஒருவர், "கோடு போடறவங்க வந்தப்புறந்தான் பிளவே வந்தது" என்றார். சிரிப்பு எழவில்லை. சிமெண்ட் மூட்டைகளின்மேல் தார்ப்பாய் காற்றில் படபடத்தது. மலை உச்சியில் காலையில் இல்லாத வெள்ளை ஒன்று புதிதாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

வேனின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து ரோஸலின் முழுக் கோடு போட்டாள். பிறகு வேறு இடம் தேடினார்கள். வடக்கே போனால் மேலேயிருந்து பாறை உருளும். ஆற்றுப் பக்கம் சதுப்பு. அவள் விரல் ஓடையைத் தாண்டி ஒரு மேட்டு நிலத்தில் நின்றது. "இங்க இருக்கலாம்."

எல்லோரும் அனாரா எஜேயைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐசாடாவைக் கேட்டேன், என்ன என்று. "அது அனாரா எஜேயோட உருளைக்கிழங்குத் தோட்டம். அவங்க குளிர்காலமே அதுதான். பாதி சாப்பாடு, பாதிய வித்து நிலக்கரி."

அனாரா எஜே வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். "அந்த இடம் நிச்சயமா?"

ஆமாம் என்று சொல், ஒரு தடவையாவது ஆமாம் என்று சொல் என்று என் உள்ளம் அரற்றியது. ஒரு பெண் தன் நிலத்தைக் கையில் ஏந்தி நிற்கிறாள்.

"தோண்டிப் பாத்துட்டுத்தான் சொல்வேன்" என்றாள் என் மனைவி.

மறுநாள் விடிந்ததும் அவளும் ஐசாடாவும் தோட்டத்தின் ஓரங்களில் குழி வெட்டினார்கள். நானும் வெட்டினேன். கை கொப்புளித்தது, இடுப்பு விட்டுப்போயிற்று, காலைத் தேநீர் ஆறி ஆடை கட்டியது. ஒவ்வொரு குழிக்குள்ளும் ரோஸலின் தலைகீழாகப் போய்வந்தாள். மண்ணடுக்கு எல்லாக் குழியிலும் துணிக்கடையில் மடித்து வைத்த வேட்டிகள் மாதிரி கலையாமல் இருந்தது. வேலிக்கு வெளியே நின்றிருந்த அனாரா எஜேயிடம் போய், "கலையல. கட்டலாம்" என்றாள். இரண்டே சொல்.

அனாரா எஜே தலையசைத்தார். வேலியை அவரே பிரித்தார்.

கிழங்கு முற்ற இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் ஊரே இறங்கிப் பிடுங்கியது. கோலிக்குண்டு அளவு, முட்டை அளவு, அரிதாக ஒன்று கைப்பிடி அளவு. பள்ளிப் பிள்ளைகள் செடியை உதற உதற, பெண்கள் வாளியில் சேர்த்தார்கள். சாயங்காலத்துக்குள் பள்ளம் வெட்டும் இயந்திரம் தோட்டத்தின் ஓரத்துக்கு வந்து உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநருக்குப் பொறுமையில்லை. அனாரா எஜே அவசரப்படவில்லை. சாக்கின்மேல் உட்கார்ந்து கிழங்கைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். தின்ன ஒரு குவியல், விதைக்கு ஒரு குவியல்.

விதைக் குவியலைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நிலமே போய்விட்டது, விதை எதற்கு? கேட்கக் கூடாததைக் கேட்பது எனக்குப் பழக்கம். "எங்க நடுவீங்க?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். சுண்ணாம்பு இன்னும் நகக்கண்ணில் இருந்தது. கழுத்தை ஊர் முனையின் பக்கம் திருப்பிக் காட்டினார். அங்கே ஆண்கள் அந்தப் பள்ளத்தில் மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கதான். ஊர் அந்த நிலத்த எனக்குக் குடுத்துடுச்சு. தண்ணி பக்கத்துலயே இருக்கு, நல்ல வெயிலு. பூமி தூக்கிப் போட்டா போடட்டும். உருளைக்கிழங்குக்கு என்ன, அது விழுந்தாலும் மண்ணுலதான விழும்" என்று சொல்லிவிட்டு, இயந்திரக்காரனைப் பார்த்து, உள்ளே வா என்று கையை ஆட்டினார்.